பத்து மணிக் குப்பி

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த சிஸ்டருக்கு இளைய நர்ஸ்கள் நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவர்களின் மூளைக்குள் நூல் போல ஒரு குழாயைச் செலுத்தியிருப்பார்கள். அதன் வழியே கசிந்து வரும் நீரைப் பிடிக்க வெளிமுனையில் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு குப்பி இருக்கும். மணிக்கொரு முறை அதைக் கழற்றி, புதியதைச் செருகி, பழையதை மூலையிலிருக்கும் மெஷினில் வைக்க வேண்டும். மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேர்கிறதா, அது பட்டினி கிடக்கிறதா என்று மெஷின் எண்ணில் சொல்லும். பதினோரு வருடத்தில் மணிக்கூண்டு ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் பசி தாங்காமல் திரைக்குப் பின்னால் நின்று ஒரு பன்னைக் கடித்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"ஒரு குப்பியில விழறது கண்ணீர்ச் சொட்டுல பாதிகூட இல்ல. உன் பன்னுத் தூள் பட்டுச்சுன்னா மெஷின் யாரு மூளையை அளக்கும்? பன்னோட மூளையையா?"

வார்டே சிரித்தது. அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

வீட்டிலும் அவர் ராஜ்ஜியம்தான். அவர் கணவர் எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த அன்றே, "நீங்க தொடாத இனிப்பை நானும் தொடமாட்டேன்" என்று மணிக்கூண்டு சபதம் போட்டாராம். லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பூரித்துப்போவார் மனிதர்.

அன்று நான்காம் கட்டிலில் ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர். வெளியே அவர் மனைவி, கணவரின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே மூளைச் சர்க்கரை இறங்கிக்கொண்டு வந்தது. ஒன்றுக்குக் கீழே போனாலே ஆபத்து; ஒன்பது மணிக்கு அரைகூட இல்லை. அடுத்த குப்பியும் அப்படியே இருந்தால், ரத்தச் சர்க்கரையைக் குறைக்க ஏற்றிக்கொண்டிருந்த இன்சுலினை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். பத்து மணிக் குப்பியில் மெஷின் ஆறு என்றது.

"அப்பாடா, ஏறிடுச்சு. இன்சுலின் அப்படியே ஓடட்டும்."

எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. மணிக்கூண்டு மட்டும் திருடனுக்குத் தேள் கொட்டியது போலத் தன் வலது கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், அது அவரோட சர்க்கரை இல்ல."

"பின்ன யாரோடது?"

"என்னோடது." பாக்கெட்டிலிருந்து ஒரு கை ஆரஞ்சு மிட்டாயை எடுத்து மேசையில் வைத்தார். "உரிக்கும்போது பிசுபிசுன்னு ஒட்டுச்சு. கையுறைய மாத்தாம குப்பி வாயைத் தொட்டுட்டேன்."

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு வருஷமா. காலைல ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நாலு."

குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் கால அட்டவணை. சிரிப்பை அடக்க நான் தலையணை உறை மாற்றப் போய்விட்டேன்.

டாக்டர் உடனே இன்சுலினை நிறுத்தினார். பதினோரு மணிக் குப்பியை என்னைத்தான் மாற்றச் சொன்னார்கள். மணிக்கூண்டு பக்கத்தில் நின்று மூன்று தடவை கையுறை மாற்றவைத்தார். மெஷின் காட்டியது அரையிலும் பாதி, வெறும் கால்தான். அந்த ஆறை நம்பியிருந்தால் பெயின்டரின் மூளை எங்கள் கண்ணெதிரே பட்டினியில் செத்திருக்கும். மாலைக்குள் எண் மெல்ல ஒன்றைத் தாண்டியது. வெளியே போய், பரவாயில்லை என்று சொன்னேன். அந்த அம்மா செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் நல்ல மனிதர். "சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதுங்க சிஸ்டர். விஷயம் லிஃப்ட் வரைக்கும் போக வேண்டாம்."

நானாக இருந்தால் இரண்டு கையாலும் கும்பிட்டு அப்படியே எழுதியிருப்பேன்.

"எதனாலன்னு எழுதலைன்னா, அடுத்து வர்றவங்க மெஷினைச் சந்தேகப்படுவாங்க. ஒன்பது மணிக் குப்பியையும் நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டார். அவர் எழுந்து போனதும் எட்டிப் பார்த்தேன்.

'பத்து மணி: இது நோயாளியின் சர்க்கரை அல்ல. என் மிட்டாய்.'

இதை லிஃப்ட்காரரிடம் முதல் ஆளாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து எனக்கு நாக்கு அரித்துக்கொண்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஆறு மாடியும் படியிலேயே இறங்கி வீட்டுக்குப் போனேன்.