சின்னக் கணக்கு மதி

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர்: மாமா, அத்தை, நாத்தனார், நான். என் வீட்டுக்காரர் சரக்கு இறக்க வேண்டும் என்று சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என்னிடம் யாரும் யோசனை கேட்டிருக்க மாட்டார்கள்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் முடிக்கப்போகிறாள். மேலே பரீட்சைக்குப் பெரிய கணக்கு எடுக்கிறாளா, சாதாரணக் கணக்கா என்று தகப்பனார் கையெழுத்துடன் திங்கட்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய கணக்கு எடுத்துத் தேறினால் காலேஜில் கணக்கு படிக்கலாம். சாதாரணக் கணக்கு என்றால் அந்தக் கதவு அடைத்தது அடைத்ததுதான்.

நான் மூன்றாம் பாரத்தோடு நின்றவள். வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். நாகர்கோவிலில் கல்யாணம் பேசி முடித்த அன்று அப்பா, "மூணாம் பாரம் மதி" என்றார். போதும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் மதி என்றுதான் சொல்வோம். அந்த ஒரு சொல்லோடு என் புத்தகங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போய்விட்டன. இங்கே வந்தால், இவள் கொட்டாவி விட்டுக்கொண்டே அல்ஜீப்ரா போடுகிறாள். பாதியில் விட்டுவிட்டு முடி கோதுகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அத்தை முறத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "பொம்பளப் பிள்ளைக்குப் பெரிய கணக்கு எதுக்கு? அரிசி அளக்கத் தெரிஞ்சா மதி."

"நீ அளக்குத அரிசிதான் தெனமும் பழையதாக் கெடக்கே அம்மா" என்றாள் நாத்தனார்.

"வாயி மட்டும் பி.ஏ. பாஸாயிட்டு."

மாமா அதே சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. கூட்டல் கழித்தலைத் தாண்டி எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மக்களே. டீச்சர் பெரிசை எடுக்கச் சொல்லுதாளாம். இவ தேறுவாளா?"

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பால் பொங்கினால் பயம், தபால்காரர் வாசலில் நின்றால் பயம். அதனால் நான் பயந்து சொன்னதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"சின்னக் கணக்கு மதி, மாமா. தோத்துட்டா ஒரு வருசம் போச்சு. நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

பயமும் பொய்யில்லை. ஆனால் அந்த மதியைச் சொன்னபோது நாக்கில் ஒரு இனிப்பு இருந்தது. நாத்தனார் என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். மாமா பேனாவைக் காகிதத்தில் வைக்கப் போகையில் தன் ரஃப் நோட்டோடு திரும்பி வந்து, அதைப் பின்பக்கமாகப் புரட்டி அவர் மடியில் வைத்தாள்.

"இது ஆரு எழுத்துன்னு மைனியையே கேளுங்க."

மைனி என்றால் அண்ணி, நான்தான். ஒரு மேல்வகுப்புப் பெண்ணிடமிருந்து பெரிய கணக்குப் புத்தகத்தை அவள் இரவல் வாங்கி வைத்திருந்தாள். மத்தியானங்களில் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தில் உள்ளதை, அவள் வீட்டில் விட்டுப்போகும் இந்த ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பென்சிலால் போட்டுப் பார்த்தது நான். அவளால் முடியாததை என்னால் முடியும் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான்.

"அதான் மத்தியானக் குழம்பு நித்தமும் அடிப்பிடிக்குதா!" என்றாள் அத்தை.

மாமா விரலை வைத்து வாசித்தார். "ரெண்டு எண்ணு. கூட்டினா பதினேழு, பெருக்கினா எழுபது." உதடு அசைந்தது. "ஏழும் பத்தும். சரியாத்தானே இருக்கு?"

"மூணாம் பாரம் படிச்ச மைனி, சொல்லிக் குடுக்க ஆளில்லாம இதைப் போடுதாவ. டீச்சர் சொல்லித் தந்து எனக்கு வராதாப்பா?"

"அது நியாயம்" என்றார் மாமா. பெரிய கணக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காய ஊதினார்.

நீயும் படிக்கிறாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயந்துபோய் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்கவில்லை.

நாத்தனார் அடுப்படிக்குப் பின்னாலேயே வந்தாள். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு. "மைனி, ஒம்பது தாளைத் தீத்துட்டிய. புது நோட்டுக்கு நாலு சக்கரம் தரணும், கேட்டியளா?"

"தாரேன்" என்றேன். சக்கரம் அப்போது எங்கள் சமஸ்தானத்துக் காசு; நாலும் முந்தானை முடிச்சிலேயே இருந்தன. அவிழ்க்கக் கை வரவில்லை.

அவள் தேறினாள். காலேஜுக்குச் சேலை கட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் அந்த நாலு சக்கரத்தை விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சக்கரம் போய் அணா வந்தது. அவள் கேட்பதும் நின்றது. மறந்தே போய்விட்டாள். அவளுக்கு மறக்க முடிகிறதே என்பதும் எனக்குப் பொறாமைதான். நான் மறக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. பாக்கி நாலு சக்கரம்.