செம்போத்து வந்த ஞாயிறு

“...விரட்டாத புள்ள, விடு. எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா நிக்கிறாங்க பாரு” என்றாள் சித்தி.

என் கையில் செங்கல் துண்டு ஒன்று இருந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. கத்தரிச்செடியின் அடியில் செம்போத்து நின்றிருந்தது. அதன் அலகில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் சித்திக்கும் மட்டும்தான் தெரியும். பின்வாசல் படியில் நின்ற அம்மாவும் வீட்டு ஓனரம்மாவும் அதன் முதுகைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கத்தரிச்செடியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

ஓசூரிலிருந்து பேரிகை போகிற ரோட்டில், ஒரு லைன் வீட்டில் அப்போது குடியிருந்தோம். ஷீட் போட்ட நாலு வீடு. முதல் வீட்டில் நாங்கள். அடுத்ததில் சித்தப்பாவும் சித்தியும். மற்ற இரண்டிலும் கம்பெனிப் பையன்கள், பேர் தெரிந்துகொள்வதற்குள் மாறிவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் ஓனர் வீடு. எங்களுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், கொடிக்கயிறு, அதற்கப்பால் ஒரு கம்பெனியின் நீளமான மதில். மதிலுக்கும் துவைகல்லுக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் ஓடிய ஈரத்தில் தானாக முளைத்ததும் ஓனரம்மா நட்டதுமாகக் கொஞ்சம் பச்சை. அந்த இடத்துக்கு எங்கள் லைனில் மூன்று பெயர்கள் உண்டு. தர்மபுரிப் பக்கத்து அம்மாவுக்கு அது பொடக்காலி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த சித்திக்குப் புறவாசல். கன்னடம் பேசுகிற ஓனரம்மாவுக்கு ஹித்தலு. ஆளுக்கொரு பேர் சொன்னாலும் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

பேச்சும் அப்படித்தான், ஆளுக்கொன்று. அப்பாவிடம் எதைக் கேட்டாலும் “இந்த வாரம் ஓவர்டைம் இருக்குது” என்பார். சித்தப்பாவிடம் எதைச் சொன்னாலும் “பாத்துக்கலாம்” என்பார். வீடு ஒழுகினாலும் பாத்துக்கலாம், ஒப்பந்த வேலை நின்றுவிடும் போலிருந்தாலும் பாத்துக்கலாம். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், நடப்பது நடந்துவிடும். சித்திக்கு மட்டும் வாய் ஓயாது. கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிற லைனில் இருந்தவள். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அந்தக் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தபோதுதான் சித்தப்பாவோடு பழகிக் கல்யாணம் செய்துகொண்டாள். அதோடு அவள் ஊர்ப் பேச்சுவார்த்தை அறுந்துபோயிற்று. அவளுக்கென்று வந்து எட்டிப் பார்க்க ஒருவர் கிடையாது.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் சித்தி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் பிள்ளை. குனியக் கூடாது, தூக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகிக் கலைந்துபோயிருந்தது. “ரெண்டும் தங்கலை” என்று அம்மா அக்கம்பக்கத்தில் குரலை இறக்கிச் சொல்வாள். யாரோ விருந்தாளிகள் வந்து இரவு தங்காமல் போய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு எட்டு வயது. சித்தி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்பதே எனக்குப் பண்டிகை.

கத்தரிச்செடிக்கு வருகிறேன். காய்ப்பெல்லாம் நின்று, தண்டு மரமாகிப்போன கிழட்டுச் செடி அது. இலை மட்டும் உள்ளங்கை அகலம். ஒருநாள் அம்மா அதை வேரோடு பிடுங்கக் கை வைத்தாள். “காய்க்காத செடிய வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்தவள், நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றுமில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தி, “அதை யாரும் பிடுங்க வேண்டாம்னு உங்கம்மாட்ட சொல்லு” என்றாள்.

அந்தச் செடியில்தான் ஒரு குருவி கூடு தைத்தது.

அதற்கு முன்னாலும் அங்கே குருவிகள் வந்துகொண்டுதான் இருந்தன. பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நாற்காலியில் ஒருத்தி நாள் முழுக்க உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. அவரைக் கொடிக்குள் சாம்பல் தலையும் சந்தன வயிறுமாக ஒன்று; பறக்கும்போது விரலைச் சொடுக்கினதுபோல் சத்தம் வரும். செம்பருத்தியில் கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவினதுபோல மஞ்சள் குருவிக் கூட்டம். எல்லாமே கட்டைவிரல் அளவு. இவற்றில் சிலவற்றைக் கதிர்க்குருவி என்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு எதன் பேரும் தெரியாது. பேர் தெரியாததால் பார்ப்பது குறைந்துவிடவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிடுவேன். “வா, உனக்காகத்தான் அந்த மஞ்சள் கும்பல் இன்னும் ஷிப்ட் முடிக்காம நிக்குது” என்பாள்.

அவற்றில் ஒன்றுதான் தையல்சிட்டு. தலையில் செங்கல் நிறத் தொப்பி, முதுகு இளம்பச்சை, வயிறு வெள்ளை, எந்நேரமும் தூக்கின வால். அது ஒரு கத்தரி இலையின் ஓரத்தில் அலகால் குத்தி, சிலந்தி நூலை உள்ளே விட்டு இழுத்ததைச் சித்திதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் என் தோளைப் பிடித்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது.

“தைக்குதுடி. நிஜமாவே தைக்குது. அங்க பாரு, ஓரத்தை மடிக்குது.”

இரண்டு மூன்று நாளில் இலை பைபோல ஆயிற்று. சித்தி தலையணையின் பொத்தலை விரலால் பெரிசாக்கிப் பஞ்சு எடுத்துக் கொடிக்கயிற்றில் சுற்றி வைத்தாள். அந்தச் சிட்டு வந்து பிய்த்துக்கொண்டு போனபோது நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கார்மெண்ட்ஸ் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. “இவளுக்கு டார்கெட் கிடையாது, தலைக்கு மேல சூப்பர்வைசர் கிடையாது, பாத்ரூம் போகணும்னா டோக்கன் கேட்டு நிக்க வேண்டாம். அப்பக்கூடப் பாரு, ஒரு தையல் விடலை” என்பாள். ஆண் குருவி கொடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும். “இவன் உங்க சித்தப்பா மாதிரி. பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு கத்துறான்.”

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பாலக்கோட்டிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, போன் பண்ணினாள். சித்தப்பாவுக்கு எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம். அத்தையின் குரல் பின்வாசல்வரை வந்தது. “இந்தத் தடவையும் இல்லைன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்டா. இங்க ஒரு பொண்ணு இருக்குது. சொல்லிட்டேன்.” சித்தப்பா அவசரமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “பாத்துக்கலாம்க்கா” என்றார். சித்தி என்னைப் பார்த்து, “முட்டை இட்டிருச்சான்னு எட்டிப் பாரு, கையை மட்டும் வச்சுராத” என்றாள். எட்டிப் பார்த்தேன். இலைப் பைக்குள் புள்ளி போட்ட முட்டைகள், மொச்சைக்கொட்டை அளவு. திரும்பி வந்து சொன்னபோது அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை.

குஞ்சு பொரித்த பிறகு சித்தி சாப்பாட்டுத் தட்டையும் நாற்காலிக்கே கொண்டுவரச் சொன்னாள். தாயும் தகப்பனும் புழுவோடு வர, இலைப் பையின் வாயில் ஆரஞ்சு நிற வாய்கள் எழும்பும். “சாமி, சாமி” என்பாள், சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லாத என் சித்தி. அம்மா உள்ளிருந்து, “சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடும்மா, குருவி எங்க போயிரப் போவுது” என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து போனபோது சித்தி ஏற்கெனவே நாற்காலியில் இருந்தாள். வழக்கமான நைட்டி இல்லை. கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். எங்காவது போகப் போகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவ்வளவுதான். எப்போதும் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவள். சித்தப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

ஓனரம்மா பால் கொண்டுவந்தாள். அவள்தான் பார்த்தாள். “கெம்பூதா பந்திதே” என்றாள் மெதுவாக, அது பறந்துவிடக் கூடாதே என்று. அம்மா ஓடி வந்தாள். “செம்போத்து வந்துருக்குது” என்றாள் அவளும். காக்கை அளவில் கருத்த உடம்பு, செம்பு நிறச் சிறகு, ரத்தச் சிவப்பில் கண். செம்போத்து கண்ணில் பட்டால் நல்லது நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். கல்யாணப் பேச்சுக்குப் போகிறவர்கள்கூட அதைக் கண்டால் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். “எங்க ஆளுங்க இதை ரத்னபட்சின்னு சொல்றது. வீடு தேடி வந்துதுன்னா வயித்துல இருக்கிறது ராஜாதான்மா. நீ நிம்மதியா இரு” என்றாள் ஓனரம்மா. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலைப் பார்த்து, இன்றைக்குப் பாயசம் வைத்துவிட வேண்டியதுதான் என்றாள். ஒரு வீடு அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செம்போத்து நடந்தே வந்தது. அவசரமே இல்லை. கத்தரிச்செடிக்குள் எழும்பி, தைத்த இலையை ஒரே இழுப்பில் கிழித்தது. சிட்டுகள் இரண்டும் அதன் தலைக்கு மேல் கத்திக் கத்திப் பறந்தன. அந்தக் கட்டைவிரல் உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. படியில் நின்றவர்களுக்கு அது ஏதோ குருவிச் சத்தம். நான் செங்கல்லை எடுத்தேன். அப்போதுதான் சித்தி, “விரட்டாத புள்ள, விடு” என்றாள்.

அவள்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யார் சொல்லியிருந்தாலும் எறிந்திருப்பேன். தலையணைப் பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தவள் சொல்கிறாள். செம்போத்து ஒவ்வொன்றாக எடுத்தது. கடைசிக் குஞ்சோடு மதில் மேல் தாவி ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அம்மாவும் ஓனரம்மாவும் அது போன திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் சேமியா வறுக்கிற வாசனை வந்தது.

நான் வளர்ந்து பெரியவளான பிறகுதான் அம்மா எனக்கு மீதியைச் சொன்னாள். அன்றைக்கு விடியும்போதே சித்திக்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது. வலி வந்திருக்கிறது, உதிரம் போயிருக்கிறது. சத்தம் போடாமல், விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்து, தினமும் உட்காருகிற நேரத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள். களைத்து வந்து படுத்த சித்தப்பாவை எழுப்பவில்லை. எழுப்பினால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா? ராஜா பிறப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்த அவ்வளவு பேருக்கு நடுவில், இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த தை மாதம் பாலக்கோட்டிலிருந்து சித்தப்பாவுக்கு வேறு பெண் வந்தாள். சித்தி ஒரு பையோடு கார்மெண்ட்ஸ் ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

இதெல்லாம் தெரியாத அந்தக் காலையில், நான் கல்லைக் கீழே போட்டுவிட்டு அவளோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். சிட்டுகள் கிழிந்த இலையைச் சுற்றிச் சுற்றி வந்தன. தாய்க்குருவியின் வாயில் புழு அப்படியே இருந்தது. சித்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். உள்ளே போய்ச் சுருட்டின விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து துவைகல்லின் மேல் வைத்தாள். தொட்டிக்குள் பெரிய வாளியை முக்கி, நிறையத் தண்ணீரோடு ஒரே கையால் தூக்கினாள். அவள் எதையும் தூக்கி நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. என் கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. சித்திக்குச் சரியாகிவிட்டது, செம்போத்து வந்ததும் உடனே சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் சித்தி கல்லுக்கு முன் குனிந்து, துணியை முறுக்கி, ஓங்கி அடித்துத் துவைக்க ஆரம்பித்திருந்தாள்.