காலி அறைக்கு எடுத்த காது டெஸ்ட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது எனக்குப் பட்டப்பகலில் நடந்தது.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். அப்போது அம்மா இறந்து பதினொரு நாள். அழுகை வரவில்லை. பசி, வெயில், எதுவும் உறைக்கவில்லை. காது டெஸ்ட் எடுக்கும் அக்கா ஒருவர் தன் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார். பழைய கம்ப்யூட்டர் செத்துவிட்டதாம். புதியதில் டெஸ்ட் புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். அது ஓடாவிட்டால் டெஸ்ட் எடுக்கும் மெஷின் காயலான் கடைக்குத்தான். பதினாலு வருட நோயாளிகளின் விவரமும் போய்விடும். போனேன்.

பழைய கள், புதிய மொந்தை. பழைய சிஸ்டம் போல நடிக்கும் மோடில் ஓட்டிப் பார்த்தேன். மூடிக்கொண்டது. அட்மின் உரிமை கொடுத்தேன். மறுபடி மூடிக்கொண்டது. பிறகுதான் புரிந்தது. புரோகிராம் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கிறது, புது சிஸ்டம் விடவில்லை. ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றினேன். திறந்தது.

மணி 3.40. அக்கா டீ குடிக்கக் கீழே போயிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. நோயாளி அங்கே ஹெட்ஃபோன் மாட்டி உட்காருவார். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துவார். திரையில் ஒரு புள்ளி விழும். அன்று அறை காலி. நாற்காலி மேல் ஹெட்ஃபோன் மட்டும்.

3.45. ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சத்தம் அனுப்பினேன்.

பீப்...

புள்ளி விழுந்தது.

புரோகிராமின் கோளாறு என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் எதுவும் அனுப்பாமல் இருந்தேன். ஒன்றும் விழவில்லை.

பீப்... புள்ளி.

சத்தத்தைக் குறைத்தேன்... புள்ளி இல்லை. கொஞ்சம் கூட்டினேன்... புள்ளி.

பட்டனைப் பார்த்தேன். ஒயர் சுற்றியபடி என் மேசையில் கிடந்தது. நான் அதை இன்னும் மெஷினில் மாட்டவே இல்லை.

3.52. அந்த அறைக்குப் பேசும் மைக்கை எடுத்தேன்.

"அம்மா?"

ஒன்றுமில்லை.

"யாருங்க?"

புள்ளி... புள்ளி... புள்ளி...

பயம் வரவில்லை.

முழு டெஸ்டையும் எடுத்து முடித்தேன். சேமித்தேன். அக்கா மேலே வந்ததும், ஓடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை 9.20க்கு அவரே போன் செய்தார்.

"நேத்து யாருக்குப்பா டெஸ்ட் எடுத்தே?"

"சும்மா... ஓடுதான்னு பாத்தேன்க்கா."

அக்கா சொன்னார். நான் சேமித்தது, ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவருக்குப் போன மாதம் எடுத்த டெஸ்டோடு புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போகிறதாம். நேற்று அவரைத் திரும்ப வரச் சொல்லியிருந்தாராம். இப்போதுதான் அவருடைய மகன் வந்து அப்பா போட்டுப் பார்க்க வாங்கிப்போன காது மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதும், 'மூணே முக்காலுக்குக் காது டெஸ்ட் இருக்கு, மூணு மணிக்கு எழுப்பி விடு'ன்னு சொல்லிட்டுப் படுத்தாராம்ப்பா. எந்திரிக்கவே இல்லையாம்."