வஹீதா சின்னம்மாவின் திராட்சைப் பந்தல்

பாலக்கரையில் எங்கள் சின்னம்மாவைப் பற்றி விசாரித்தால் "திராட்சை வஹீதாவா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரை அவள் கேட்டு வாங்கவில்லை. வாசலைத் தாண்டாத ஒருத்திக்குத் தெருவே கூடிப் பட்டம் கொடுத்துவிட்டது.

எங்கள் வீடும் அவள் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அவள் வீட்டு முற்றம் தெரியும். சாயங்காலமானால் மாடியில் என் அம்மா ஹாஜிரா, கீழே தங்கை வஹீதா. என்ன குழம்பு, யாருக்கு இருமல் என்று அரைமணி நேரம் ஓடும். 1958-இல் பெருநாள் பிறை விஷயத்தில் என் அத்தாவுக்கும் சின்னம்மாவின் கணவர் கியாசுதீனுக்கும் தகராறு. பிறையைக் கண்ணால் பார்த்தேன் என்றார் அத்தா. அது மேகம் என்றார் சின்னத்தா. ஒரே குடும்பம் இரண்டு நாளில் பெருநாள் கொண்டாடியது. அதோடு போக்குவரத்து நின்றது. இரண்டு ஆண்களுக்கு ரோஷம் வந்தால் அக்கா தங்கை வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம்!

அவர்கள் மூடவில்லை. சின்னத்தா அதைக் கண்டுபிடித்ததும் திண்டுக்கல் பக்கமிருந்து பன்னீர் திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டார். சவுக்குக் கம்பு ஊன்றி, கம்பி இழுத்து, முற்றம் முழுக்கப் பந்தல் போட்டார். ஊருக்குச் சொன்ன காரணம் நிழல். மனைவியிடம் சொன்னது வேறு.

"இது பட்டுப்போச்சுன்னா தகரம் போட்டு மூடிடுவேன்."

தகரம் இலை உதிர்க்காது. திராட்சைக்கோ வருஷத்துக்கு இரண்டு கவாத்து உண்டு. ஜூனிலும் டிசம்பரிலும் இலைகளை உருவி, கிளைகளை நாலைந்து கணு விட்டு வெட்டினால் பந்தல் மொட்டையாகிவிடும். மறுபடி துளிர்த்து மூட இருபது நாளாவது ஆகும். அந்த இருபது நாளுக்காகச் சின்னம்மா ஆட்டு எரு போட்டாள், கறி கழுவிய தண்ணீர் ஊற்றினாள், இலையில் வெள்ளை பூத்தால் கந்தகத் தூள் தூவினாள். தன்னை மூடுகிற கொடியையே பிள்ளை மாதிரி வளர்த்தாள். கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சின்னத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முதல் வருஷம் அம்மா பார்த்தது, தங்கை முக்காலியில் ஏறி நின்று கொடியைக் கம்பியில் வாழை நாரால் கட்டிக்கொண்டிருந்ததைத்தான்.

"தன் கையாலேயே மறைச்சுக்கிறா பாரு" என்று இறங்கியவள், அப்புறம் மாடிப்படியே ஏறவில்லை.

துணி உலர்த்துவது என் வேலையானது. பந்தல் மொட்டையாக இருக்கும் நாட்களில் சின்னம்மா கீழே அண்ணாந்து நிற்பாள். சத்தம் போட்டால் சின்னத்தா காதில் விழும் என்று, அம்மாவை வரச் சொல்லும்படி கையால் சைகை காட்டுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தெரு முழுக்கத் தட்டுத் தட்டாகத் திராட்சை போகும். எங்கள் வீட்டுக்கு ஒரு குலை கிடையாது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு. அம்மாவிடம் நான் மூச்சுகூட விடவில்லை.

1966 ஆகஸ்டில் எனக்கு நிக்காஹ். ஜமாஅத் பெரியவர்கள் பேசி ஆண்கள் இருவரையும் சமாதானம் செய்து வைத்தார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கூடை திராட்சை.

பெண்கள் நிறைந்த அறையில் அம்மா அந்தக் கூடையைத் தொடவே இல்லை.

"உன் பந்தலை நீயே வச்சுக்க."

சின்னம்மா உடைந்துவிட்டாள். அம்மா காதருகே குனிந்து, தகரம் முதல் கவாத்து வரை அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

"வெட்டிப்போட்டுட்டு தினமும் நின்னேனே. நீ ஏன்க்கா வரவே இல்ல?"

"நீ நிக்கிறது எனக்கு எப்படிடி தெரியும்?"

"ஒவ்வொரு தடவையும் நம்ம புள்ளகிட்ட சைகை காட்டினேனே. அது சொல்லலையா?"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.