செல்வம் தாண்டிய சுவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் கடை வேலை பார்த்த என் மனைவியின் தம்பி செல்வம், சீடியில் பார்த்த 'பார்க்கூர்' என்ற பிரான்ஸ் நாட்டு வித்தையைப் பழகிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தான். குறுக்கே எது வந்தாலும் நிற்காமல் தாண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் படியேறவே மூச்சு வாங்குகிற நான் வாயைப் பிளந்து பார்ப்பேன்.

ஒருநாள் ஹட்டன் டவுனில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நாங்கள் வருவதற்குள் எங்கள் பஸ் கிளம்பிவிட்டது.

"மச்சான், நீங்க மெதுவா வாங்க. நான் நிப்பாட்டுறேன்!"

செல்வம் ஓடிப்போய், இடுப்பளவுச் சுவரில் கை ஊன்றித் தாண்டிக் குதித்தான். அந்தப் பக்கம் காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நீட்டினான். செல்வம் அப்படியே உறைந்து நின்றான். நானோ யாரும் கேட்காமலே, கத்தரிக்காய்ப் பையோடு இரண்டு கையையும் தூக்கினேன். தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துபோய், "பஸ்! பஸ்!" என்று அலறினேன். கத்தரிக்காய்கள் என் தலையில் கொட்டின. சிப்பாய் சிரித்துவிட்டான். துப்பாக்கி இறங்கியது.

அடுத்த பஸ்ஸில், "நல்லவேளை, கத்தரிக்கா காப்பாத்துச்சுடா" என்றேன்.

"அவன் சிரிக்காம இருந்திருந்தா, மச்சான்?"

இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். யுத்தமும் முடிந்துவிட்டது. ஆனால் பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் செல்வம் இப்போது ஓடுவதில்லை. ஓடு என்று சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை.