றெஜினா மொழிபெயர்த்த படம்

போன கிழமை ஒடென்சேயில் ஓய்வூதியக்காரர் கூட்டமொன்றில் யாரோ பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார்கள். காலையில் ஊற்றி அடைத்து, மத்தியானம்வரை புழுங்கிப்போன கோப்பியின் வாசம். அது இல்லாத கூட்டம் டென்மார்க்கில் சட்டப்படி செல்லாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். நகரசபை அலுவலகத்திலேயே நரைத்தவனுக்கு இப்படியான நம்பிக்கைகள் வரும். ஆனால் அன்று நினைவில் வந்தது அலுவலகமல்ல. வைலேயில் ஒரு தேவாலய மண்டபமும், ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிய ஒரு ஞாயிறு பின்னேரமும்.

நாங்கள் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இந்த நாட்டை விளங்க வேண்டுமானால் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார் எங்கள் டேனிஷ் ஆசிரியை. சூனியக்காரிகள் என்று கிழவிகளை எரித்த காலத்துக் கதை. வயதான பாதிரியார், அவருடைய இளம் இரண்டாம் மனைவி, முதல் தாரத்து மகன். மகனுக்கும் அந்த மனைவிக்கும் காதல். கடைசியில் அவளையும் சூனியக்காரி என்கிறார்கள். இதைத்தான் யாழ்ப்பாணத்து, மன்னார்க் குடும்பங்களுக்குக் குழந்தை குட்டிகளோடு காட்டுவதாக ஏற்பாடு.

மொழிபெயர்க்க முதலில் என்னைத்தான் கேட்டார்கள். அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் பயிற்சி முடித்திருந்தேன். கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே என்ற விதிகள் புதுச் சப்பாத்துப்போலக் கடித்துக்கொண்டிருந்தன. வசனங்களை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும், இடையில் ஓய்வு வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். ஏற்பாட்டாளர்கள் அதிகம் யோசிக்கவில்லை. றெஜினாவைக் கேட்டார்கள்.

றெஜினா மன்னார்ப் பெண், கத்தோலிக்கம். முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் எல்லோரையும்விட நல்ல டேனிஷ் பேசுவாள். நாங்கள் இருவரும் ஒரு வருடமாகப் பேருந்துத் தரிப்பிடங்களில் காதலித்துக்கொண்டிருந்தோம். கையில் காசில்லாதவர்களுக்கு இந்த நாட்டில் கூரையுள்ள இடம் அதுதான். நான் சைவம். அவளுடைய தகப்பன் சூசைப்பிள்ளையர் ஜேர்மனியில் ஒரு மன்னார்ப் பையனைப் பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தார். அவரிடம் என் பெயரைச் சொல்ல அவளுக்கு வழி தெரியவில்லை. எனக்குத் துணிவே இல்லை.

படம் தொடங்கியது. றெஜினா திரைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு இருந்தாள்.

"சாமியாருக்கு மகனோ?" என்றார் பின்னாலிருந்த ஒரு மாமி.

"இது லூத்தர் சபை மாமி. அவையள் கலியாணம் கட்டலாம்."

"சரி, அந்தப் பெட்டை ஆர்?"

றெஜினா தகப்பன் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தாள். "சாமியாற்றை தங்கச்சியின்ரை மகள். தாய் தகப்பன் இல்லை. இவர்தான் வளர்க்கிறார்."

நான் கதிரையில் நிமிர்ந்தேன்.

"அப்ப பொடியனுக்கு மச்சாள் முறையெல்லோ," என்றார் முன்வரிசையில் சூசைப்பிள்ளையர். "கட்டி வைச்சால் முடிஞ்சுது."

"அங்கதான் பப்பா பிரச்சினை. செத்துப்போன தகப்பன் வேற வேதம். பிள்ளையும் அந்த வேதம்தான்."

திருத்துவதற்கு என் கை பாதி உயர்ந்துவிட்டது. விதி விதிதானே. றெஜினா அந்த இருட்டிலும் கண்டாள். அவள் பார்த்த பார்வையில் என் கை தலையைச் சொறியப் போய்விட்டது.

அதன்பிறகு அந்த மண்டபத்தில் ஓடியது வேறு படம். பாதிரியார் மனைவியின் கன்னத்தைத் தடவினால் ஆசீர்வாதம். அவருடைய தாய்க்கிழவி முறைத்தால் சீதன யோசனை. டேனிஷ் விளங்கக்கூடிய சிறுவர்கள், படத்தின் ஆமை வேகம் தாங்காமல், ஆரம்பத்திலேயே வெளியே ஓடிவிட்டார்கள். தமிழ் தெரியாத ஆசிரியை, சனம் இப்படி ஒன்றிப் பார்க்கிறதே என்று பூரித்துப்போயிருந்தார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது சூசைப்பிள்ளையரின் கண் சிவந்திருந்தது. கோப்பியை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வேதம் வேறையெண்டு ஒரு குமரை நெருப்பில போடுறதோ? நானெண்டால் கட்டி வைச்சிருப்பன்."

"உண்மையாவோ பப்பா?"

"உண்மையாத்தான்."

"அப்ப எனக்கு இவரைக் கட்டி வையுங்கோ," என்று றெஜினா ஒலிவாங்கியிலேயே சொல்லி, என்னைக் காட்டினாள்.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. என் வாய் நிறைய ரோல்ஸ்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் சைவமெல்லோ?"

"ஓம் ஐயா," என்றேன், ஒருவாறு விழுங்கி.

"சைவக்காரர் மாட்டிறைச்சி ரோல்ஸோ சாப்பிடுறவை?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கோப்பியைக் கடைசிவரை குடித்து, கோப்பையை மேசையில் வைத்தார். "நாளைக்கு வேலை முடிய வீட்டை வாரும்."

போனேன். அடுத்த கோடையில் முதலில் தேவாலயத்திலும் பிறகு தாலியோடும் கலியாணம் நடந்தது. அவர் இரண்டுக்கும் ஒரே கோட்டுப் போட்டு வந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள், றெஜினா வேலைக்குப் போயிருந்த நேரம், அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அதற்குள் டேனிஷ் பத்திரிகை வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தார்.

"தம்பி, ரீவியில அந்தப் படம் போகுது. கீழ எழுத்தும் வருது."

"ஓம் மாமா."

"அவள் அந்தாளின்ரை பெண்சாதி."

"ஓம் மாமா."

படத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார், "நான் பாத்ததெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதையும். பாவம், வெக்கப்படுவாள்."

இதை எழுதும்வரை நான் சொல்லவில்லை. அவர் போய்விட்டார். மண்டபத்தை உடற்பயிற்சிக்கூடம் ஆக்கிவிட்டார்கள். டோஸ்ட்ருப்பில் மகள் வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு திரையில், காதை அடைத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள். யாரும் யாருக்கும் கதை சொல்லத் தேவையில்லை. எட்டிப் பார்த்தேன். கீழே ஓடும் வரிகளில் ஒரு பிழையும் இல்லை.