குடிக்காத பீடிக்காக ஓர் உபவாச ஜெபம்

என் கணவர் தங்கராஜ் வாழ்நாளில் ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. ஆனாலும் பீடிப் பழக்கத்திலிருந்து அவருக்கு விடுதலை வேண்டும் என்று எங்கள் சபையார் சாப்பிடாமல் இருந்து ஜெபித்தார்கள். தப்பான ஜெபம்தான். அதையும் கர்த்தர் தள்ளிவிடவில்லை. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பொதுவாகவே எனக்குச் சும்மா இருக்க வராது. எங்கள் ஊர் மேலகரத்தில் யாரைக் கேட்டாலும் எஸ்தரைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

அவர் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் வரத் தாமதமானால் வெங்காய மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பது வயதுக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மூட்டை தூக்க முடியவில்லை. பிறகு படி ஏற முடியவில்லை. கடைசியில் சட்டைப் பொத்தான் போடும்போதே நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். சாரல் விழுந்தால் ஊரெல்லாம் குற்றாலத்துக்குச் சந்தோஷமாகக் கிளம்பும். எங்கள் வீட்டில் இருமல் கிளம்பும். அந்த ஈரக் காற்று அவருக்கு ஆகவே ஆகாது.

தென்காசியில் டாக்டர்களைப் பார்த்தோம். சளியைச் சோதித்தார்கள், டிபி இல்லை. ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், "நுரையீரல் ரொம்பக் கெட்டுப் போயிருக்கே, எத்தன வருஷமா பீடி குடிக்கீங்க?" என்று கேட்டார். இவர் "குடிக்கதே இல்ல சார்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் நம்பாதவர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. பீடி சுற்றுவதுதான் என் தொழில். முறம் போன்ற சுளகை மடியில் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இலையும் தூளும்தான். வீடு முழுக்கப் புகையிலை வாசம். துவைத்துக் காயப்போட்ட அவருடைய சட்டையிலும் அதே வாசம். சபையில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? மறைவாகக் குடிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

எங்கள் சபை மூப்பர் அண்ணாச்சி நல்ல மனிதர். எங்கள் கஷ்டத்துக்கெல்லாம் முன்னால் வந்து நிற்கிறவர். அவரே ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மறைச்சு வச்சா சுகம் வராதுடே தங்கராசு. ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால ஒரு வார்த்த அறிக்க பண்ணிரு. ஆண்டவர் மன்னிப்பாரு" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மறு வெள்ளிக்கிழமை இவருக்காகவே உபவாச ஜெபம் வைத்தார்கள். "இந்தச் சகோதரனைப் பீடியின் கட்டிலிருந்து அவிழ்த்துவிடும்" என்று அத்தனை பேரும் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். அன்பில்தான் ஜெபிக்கிறார்கள். நான் ஆமென் சொல்லவில்லை.

முழங்காலில் நின்று ஜெபிக்க எனக்குப் பொறுமை கிடையாது. அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் ஜெபிப்பேன். அந்த நாட்களில் நான் செய்தது ஜெபமா சண்டையா என்று எனக்கே தெரியாது. "ஆண்டவரே, இவர் குடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அப்படியானால் என் கையில் இருக்கிற இந்தத் தூள்தான் இவரைக் கொல்கிறதா? பதில் சொல்லும். சொல்லாமல் விடமாட்டேன்" என்று கேட்டேன். சுற்ற உட்கார்ந்தால் தூளைத் தொடவே பயமாக இருந்தது. எழுந்து நடந்தால் அவருடைய மூச்சு இழுக்கிற சத்தம் பின்னாலேயே வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, நாளைக்கு நான் குடிச்சேன்னு சொல்லிருதேன்" என்றார்.

"குடிக்காததக் குடிச்சேன்னு ஆண்டவர் சந்நிதியில சொல்லப் போறீங்களா?"

"சொன்னா மூச்சு வரும்னா சொல்லிட்டுப் போறேன். எனக்கு முடியல எஸ்தர்."

அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. செய்யாத பாவத்தைச் செய்ததாகச் சொல்லியாவது பிழைத்துவிட வேண்டும் என்று ஒரு மனிதன் நினைக்கிறான் என்றால் அவன் எவ்வளவு நொந்துபோயிருக்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. சாட்சி நேரத்தில் இவர் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சபையாரே, நான் பீடி..." என்றார். அதற்குமேல் மூச்சு கிடைக்கவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது. நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் எழுந்து கத்தினேன். "குடிக்கல! அவரு குடிக்கவே இல்ல! பயத்துல பொய் சொல்லுதாரு!" பாஸ்டர் பாட்டைத் தொடங்கிச் சமாளித்தார்.

அன்றைக்குக் கடைசி வரிசையில் வெளியூரிலிருந்து ஒரு சகோதரி உட்கார்ந்திருந்தார். குடும்பத்தோடு அருவிக்கு வந்தவர். குற்றாலத்தில் அறை கிடைக்காமல் மேலகரத்தில் தங்கியிருந்ததால் எங்கள் சபைக்கு வந்திருக்கிறார். ஆராதனை முடிந்ததும் நேராக எங்களிடம் வந்தார். "நான் சென்னையில நுரையீரல் டாக்டர். ஸ்கேன் இருந்தா பாக்கலாமா?" என்றார். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "அண்ணா, உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்று கேட்டார். இத்தனை டாக்டர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஆமாம், என் மாமனாரும் மாமியாரும் அத்தை மகன், மாமன் மகள்.

அந்த டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கல்லீரல் ஒரு புரதத்தைச் சுரக்கிறதாம். நுரையீரலுக்கு அதுதான் காவல். சிலருக்கு அதற்கான மரபணு பழுதாக இருக்கும். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இரண்டு பங்கும் பழுதாகவே வந்துவிட்டால், பீடி குடிக்காத மனிதருக்கும் நுரையீரல் இளவயதிலேயே கெட்டுப்போகலாம். ஐரோப்பாக்காரர்களிடம் இது அதிகம், அங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள் என்றார். போனில் ஓர் உலகப் படத்தைக் காட்டினார். ஐரோப்பா அடர்த்தியான நிறத்தில் இருந்தது. தூரம் போகப் போக நிறம் வெளுத்தது. நம் நாடு ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது.

"அப்போ நமக்கு இது கிடையாதுல்ல?" என்றேன்.

"குறைவுதாம்மா. ஆனா தேடிப் பார்த்தவங்களும் குறைவு. பார்க்காத இடமும் படத்துல வெள்ளையாத்தான் இருக்கும்."

அந்த வாரமே ரத்தம் எடுத்து அனுப்பினோம். முடிவு வருகிறவரை நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால்கூட எழுந்து பார்த்தேன். இந்த நோயாக இருக்க வேண்டும் என்று ஜெபிப்பதா, இருக்கக் கூடாது என்று ஜெபிப்பதா? புருஷனுக்குத் தீராத நோய் இருக்கட்டும் என்று எந்தப் பெண் கேட்பாள்? ஆனால் அது இல்லை என்று வந்தால் அவர் மறுபடியும் பொய்யராகிவிடுவார். "உமக்குத் தெரியும், நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு ஜெபித்தது அந்த ஒருமுறைதான்.

முடிவு வந்தது. அதே நோய்தான். டாக்டரம்மா போனில் சொன்னபோது இவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "அப்போ நான் பொய் சொல்லலைன்னு ரத்தமே சொல்லிட்டுல்லா" என்றார். நான்தான் அழுதேன். புகையிலைத் தூளைப் பற்றியும் கேட்டேன். "உங்களால வந்த நோய் இல்லம்மா. ஆனா இந்த நுரையீரலுக்குத் தூசியும் புகையும் ஆகாது. வீட்டுல சுத்துறத விட்டிருங்க" என்றார். அன்றைக்கே இலையையும் தூளையும் பீடிக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்தேன். இப்போது ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறேன். தெருவில் சிலர், "தங்கராசுக்கு வெளிநாட்டு வியாதியாம்லா" என்று ஏதோ விசா கிடைத்தவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறோம்.

கூடப்பிறந்தவர்களும் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவருடைய தம்பி ராணுவத்தில் இருக்கிறான். ஓடியாடுகிற பிள்ளை, ஒரு இருமல்கூடக் கிடையாது. ஆனால் அவனுக்கு சிகரெட் இல்லாமல் பொழுது விடியாது. அவனுக்கும் ரத்தத்தில் அதே பழுது. நுரையீரல் இன்னும் கெடவில்லை. "அண்ணன் மாதிரி ஆயிராதலே" என்று இவர் போனில் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சைக் கேட்டவன் அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டான். சபை யாரை நினைத்து ஜெபித்ததோ அவருக்கு அவிழ்க்க ஒரு கட்டும் இருக்கவில்லை. கட்டு இருந்தவனைக் கர்த்தர் தேடிப் பிடித்து அவிழ்த்தார்.

என் கணவர் பூரண சுகம் அடைந்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். போன நுரையீரல் திரும்பி வராது. இன்ஹேலர் இருக்கிறது, மூச்சுப் பயிற்சி இருக்கிறது, சாரல் நாட்களில் வீட்டுக்குள்தான் இருக்கிறார். டெம்போவை விட்டுவிட்டு மார்க்கெட்டில் எடை பார்க்கிறார். ஆனால் நிமிர்ந்து நடக்கிறார். எங்கள் மகளுக்கு வரன் பார்க்கும்போது சொந்தத்தில் வேண்டாம் என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் குடிக்காத ஒருவர் மூச்சுக்குத் தவித்தால், முதலில் அவர் வார்த்தையை நம்புங்கள். பரம்பரையில் ஏதும் இருக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஜெபிக்கவும் செய்யுங்கள். சரியாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று நின்றுவிடாதீர்கள்.

போன மாதம் மூப்பர் அண்ணாச்சி சபையார் எல்லாருக்கும் முன்னால் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நான் உன்ன நம்பலடே. எனக்காக நீ ஒரு ஜெபம் பண்ணு" என்றார். இவருக்கு நீளமாக ஜெபிக்க மூச்சு கிடையாது. அண்ணாச்சியின் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, அண்ணாச்சி எனக்காகப் பட்டினி கெடந்தாரு. அத மறந்துராதிரும்" என்றார்.

அதற்கு மட்டும் நான் சபையே கேட்க ஆமென் சொன்னேன்.